சூடம் அடித்த கை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு, அதை ஒட்டிக் கொஞ்சம் மரவள்ளி, அப்புறம் இரண்டு கறவை மாடு. ஒன்று செவலை, ஒன்று கருப்பு. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வீறாப்பு இருக்கும் இல்லையா? எனக்கு என் பால். 'அவன் பாலில் தண்ணி இருக்காது' என்று ஊரில் யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும். அந்தப் பெருமை என்னை என்ன செய்ய வைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டினால் தப்பில்லை.

தினமும் காலையில் என்னிடம் பால் வாங்க ஒரு பெண் வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது மலைமேல், கரியாலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு கீழே அழைத்து வந்தான். கரும்பு வெட்டப் போன இடத்தில் டிராக்டர் கவிழ்ந்து அவன் செத்துப் போனான். அதற்கப்புறமும் அவள் மலைக்குத் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். பதினாறு வருடம் எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்தவளுக்கு ஊர் வைத்திருந்த பெயர் 'மலைக்காரி'. நானும் அப்படித்தான் சொல்வேன்.

அவள் பிழைப்பு தயிர். என்ன தயிர் தெரியுமா! சட்டியைச் சாய்த்தால்கூட அசையாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு மெஸ்ஸில் அவள் தயிர்தான். எங்கள் பக்கத்தில் தயிர் நன்றாக உறைந்தால் பாலை யாரும் சொல்ல மாட்டார்கள், உறை ஊற்றுகிற கையைத்தான் சொல்வார்கள். கை ராசி என்பார்கள். புதுக் குடித்தனம் போகிறவர்கள் சிலர் அவளைக் கூப்பிட்டு முதல் உறையை ஊற்றச் சொன்னதும் உண்டு. என் பாலுக்கு வரவேண்டிய பெயர் எல்லாம் அவள் கைக்குப் போகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வைகாசியில் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு கல்யாணம். சின்னக் கல்யாணம்தான். சமையல் மேஸ்திரி, அந்த மெஸ்ஸில் அவள் தயிரைச் சாப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது, பந்திக்குத் தயிர் அவளிடமே வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். அவளுக்குக் கிடைத்த முதல் கல்யாண ஆர்டர் அது. பால் கேனைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அண்ணா, இந்த ஒரு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிட்டா இனிமே எல்லாக் கல்யாணத்துக்கும் என்னையே கூப்புடுறேன்னு மேஸ்திரி சொல்லிக்கினு இருக்காரு. பெரியவள பன்னெண்டாவது வரிக்கும் படிக்க வச்சிடுவேன். இந்த ஒரு வாரம் பாலக் கம்மி பண்ணிடாதீங்க."

பெரியவள் அப்போதுதான் பத்தாவது எழுதி முடித்திருந்தாள். "நான் இருக்கேன், போம்மா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது செவலைக்குக் கழிச்சல் கண்டது. முதலில் சாணி தண்ணீராகப் போனது. அடுத்த வேளைக்கு ரத்தமும் சளியுமாகப் போக ஆரம்பித்தது. தீனி தொடவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். பைக்கில் வந்து பார்த்து, குடலில் கிருமி என்றார். கட்டைவிரல் தடிமனில் மாத்திரைகள் கொடுத்தார். காலையும் மாலையும் ஐந்து நாளைக்குக் கொடுக்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். வண்டியைக் கிளப்பியவர், திரும்ப நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"இது ஆன்டிபயாடிக்குங்க. பால்ல எறங்கும். மாத்திரை குடுக்கற வரிக்கும், அதுக்கப்புறம் நாலு நாளைக்கும் இந்த மாட்டுப் பாலக் கறந்து கொட்டிடுங்க. வூட்டுக்கும் வேணாம், வேற யாருக்கும் ஊத்த வேணாம்."

சரிங்க என்று தலையை ஆட்டினேன். காதில் சரியாக விழவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. நன்றாக விழுந்தது.

மாத்திரை கொடுப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. செவலைக்கு வாழைப்பழம் என்றால் உயிர். பழத்தைக் கீறி மாத்திரையை உள்ளே செருகி நீட்டினால், நாக்கைச் சுழற்றி அப்படியே வாங்கிக்கொள்ளும். மறுநாள் காலை கறந்தேன். பால் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. டாக்டர்கள் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார்கள், அதையெல்லாம் கேட்டால் குடியானவன் பிழைக்க முடியுமா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் அறியாத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். நான் செய்தது அதற்கும் மேலே. பால் சொசைட்டியில் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள், அதில் ஏதாவது காட்டிவிடுமோ என்று அங்கே கருப்பின் பாலை ஊற்றினேன். வீட்டில் பேரன் குடிக்கிறானே என்று வீட்டுக்கும் கருப்பின் பாலையே எடுத்து வைத்தேன். செவலையின் பால் முழுவதையும் மலைக்காரியின் கேனில் ஊற்றினேன். எங்கெங்கே ஊற்றக் கூடாது என்று அவ்வளவு யோசித்தவன், அவள் கேனில் ஊற்றும்போது மட்டும் ஒன்றுமே யோசிக்கவில்லை.

மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் செவலைக்குக் கழிச்சல் நின்றுவிட்டது. தீனி எடுத்தது. நன்றாகிவிட்ட மாட்டுக்கு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றி மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தேன். சிக்கனம் பார்க்கிறேனாம்.

அதே நாள் காலையில் அவள் வந்தாள். முகமே சரியில்லை. மெஸ்ஸுக்குக் கொடுத்த தயிர் இரண்டு நாளாக உறையவில்லை, இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றாள். "பால் ஏதாவது மாறிக்கிச்சா அண்ணா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. என் பாலைப் போய்க் கேட்பதா? உன் உறை கெட்டிருக்கும், முதலில் அதைப் பார் என்று சொன்னேன். உறையை மாற்றிப் பார்த்துவிட்டேன், பக்கத்து வீட்டில் வாங்கி ஊற்றினேன், அதிலும் உறையவில்லை என்றாள். கல்யாணத்துக்கு மட்டும் வேறு இடத்தில் பால் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வேணும்னாலும் போய் வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு. அப்பறம் இந்த வாசப்படி மிதிக்காத" என்றேன்.

அவள் கேனை நீட்டினாள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் இரண்டு மாட்டுப் பாலையும் ஒன்றாகக் கொட்டி அவளுக்கு ஊற்றினேன். வீட்டுக்கு மட்டும் ஒரு சொம்பு கருப்பின் பாலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். சொசைட்டிக்குக்கூட அன்றைக்கு ஊற்றவில்லை, அவள் ஆர்டருக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் பார் என்று எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. நான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டுப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். நான்கு குண்டான் வரிசையாக இருந்தது. மேஸ்திரி ஒன்றில் கரண்டியை விட்டுத் தூக்கினார். பால் ஒழுகியது. மேலே ஆடை, கீழே பால். இன்னொன்றில் விட்டார். அதுவும் அப்படியே. அவள் ஓரமாக, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? பந்தியில ஒக்காந்துக்கினு இருக்காங்க, எலையில நான் இன்னாத்த ஊத்தறது?" என்று மேஸ்திரி கத்தினார். மண்டபம் பூராவும் கேட்டிருக்கும். யாரோ ஓடிப்போய்ப் பாக்கெட் தயிர் வாங்கி வந்தார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். அப்போது ஒரு குரல் கேட்டது.

"புருசன முழுங்கின கை. அதுல எப்பிடி ஒறையும்?"

அதைச் சொன்னது வேறு யாருமில்லை, என் மனைவி. நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்டும் கேட்காத மாதிரி இலை பார்க்கப் போய்விட்டேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. கல்யாணத்தில் தயிர் உறையாமல் போனது அபசகுனம், பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பங்காளி வீட்டில் பயந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் நாற்பது பேர் கூடினோம். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. கூடையைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவள் தலையை நிமிர்த்தி, "என் கையில கோளாறு இல்லீங்க. பால்லதான் ஏதோ இருக்குது" என்றாள். நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருக்கவே மாட்டார்கள், ஊரில் எனக்கு இருந்த பெயர் அப்படி. நானே சூடத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பூசாரி தட்டில் கொளுத்தி வைத்தார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் நான் கலக்கவில்லை, வேறு எந்தப் பொருளையும் என் கையால் பாலில் போடவில்லை, இது ஆத்தா மேல் சத்தியம் என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. தண்ணீர் கலக்கவில்லை. பாலில் எதையும் போடவும் இல்லை. போட்டது மாட்டின் வாயில். அந்த மாத்திரைக்கும் தயிர் உறையாததற்கும் சம்பந்தம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது, இது நிஜம். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒன்றுமே தெரியாதவன் எதற்காக வார்த்தைகளை அப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க வேண்டும்? கொட்டச் சொன்ன பாலை ஊற்றினேன் என்பதை எதற்காக விழுங்க வேண்டும்? மூன்று வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சூடம் அடித்த பிறகு பேச்சு ஏது? ஆத்தாளே தீர்ப்புச் சொன்ன மாதிரி கூட்டம் கலைந்தது. பாலில் குறையில்லை என்றால் குறை கையில்தான். பெண் வீட்டுக்காரர்கள் பரிகாரத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். அவள் கூடை மேல் துண்டைச் சரியாக இழுத்து மூடினாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மெஸ்ஸுக்கும் விஷயம் போய்விட்டது, அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் ஒரு குழந்தைக்குக்கூட அவள் கையால் மோர் வாங்கவில்லை. காலையில் வெளியே கிளம்புகிறவர்கள் அவள் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். ஆனி மாதம் முடிவதற்குள் அவள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. அவள் போனது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. கருப்புக்கு அதே மாதிரி ரத்தக் கழிச்சல் கண்டது. டாக்டர் எதற்கு, மாத்திரைதான் கூரையில் இருக்கிறதே என்று எடுத்தேன். நானே டாக்டர் ஆகிவிட்டேன். வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். செவலை அப்போது சினையாகிப் பால் வற்றியிருந்தது, அதனால் வீட்டுக்கும் கருப்பின் பால்தான். போன தடவை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு துணிச்சல். அதைப் பாருங்கள், 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று நினைத்திருக்கிறேன். வீட்டில் யாரிடமும் மாத்திரையைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து என் மனைவி ஒரு கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தாள்.

"இன்னாங்க, ரெண்டு நாளா தயிரே ஒறைய மாட்டேங்குது. என் கைக்கு இன்னா கேடு வந்துச்சி?"

கேட்டுவிட்டு, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுமங்கலி, பேரன் எடுத்தவள், அவள் முகத்தில் அப்படி ஒரு பயம். என் கையில் அப்போது இன்னொரு வாழைப்பழம், மாத்திரை செருகினது, இருந்தது. கிண்ணத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டேன். கருப்புக்கு மாத்திரை கேட்கவே இல்லை, கழிச்சல் அதிகமாகிவிட்டிருந்தது. அவர் ஊசி போட்டு பாட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, எதேச்சையாகக் கேட்பது மாதிரி தயிர் விஷயத்தைக் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கிருமியக் கொல்லத்தானே மாத்திரை? பால ஒறைய வைக்கறதும் ஒரு கிருமிதாங்க, நல்ல கிருமி. அதையும் சேத்துக் கொன்னுடும். நீங்க யாருக்கும் ஊத்தலையே?"

ஊற்றவில்லை என்றேன். மறுபடியும் பொய். மிச்ச மாத்திரையைக் கொடுத்ததற்குத் தனியாகத் திட்டினார். அரைகுறையாகக் கொடுத்து நிறுத்தினால் கிருமி சாகாது, தேறிக்கொள்ளும், அப்புறம் அதே மருந்து அதற்குக் கேட்காது என்றார். நான்காம் நாள் கருப்பு செத்தது. இதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை, கணக்கு தீர்ந்தது என்று நினைக்கப் பார்த்தேன். மாடு என்ன பாவம் செய்தது, என் தண்டனையை அது வாங்கிக்கொள்ள?

ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, கார்த்திகையில் ஒருநாள் காலை மலைக்குப் பஸ் ஏறினேன். பனியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிற பையன்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். கரியாலூரில் இறங்கி, விசாரித்து, ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு சரிவில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கூலி ஆட்களில் அவளும் ஒருத்தி. என்னைப் பார்த்ததும் மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கண்ணா. அண்ணி, புள்ளைங்கல்லாம் நல்லா இருக்காங்களா?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியிலேயே நான் பாதி செத்துப்போனேன். ஒரு பாறை மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, சொசைட்டிக்கும் வீட்டுக்கும் நல்ல பாலைப் பிரித்தது, அவளுக்கு மட்டும் அதை ஊற்றியது, எதையும் விடவில்லை. அவள் அழவில்லை, ஏசவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

"மாத்திரன்னு தெரியாது. ஆனா பால்தான்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க."

கல்யாணத்துக்கு மறுநாள் அவள் மூன்று கிண்ணத்தில் உறை ஊற்றி வைத்திருக்கிறாள். ஒன்றில் பாக்கெட் பால், ஒன்றில் பக்கத்துத் தெருவில் வாங்கின பால், ஒன்றில் என் பால். மூன்றுக்கும் ஒரே உறை, ஒரே கை. காலையில் இரண்டு கிண்ணம் கல் மாதிரி உறைந்திருந்தது. என் பால் மட்டும் பாலாகவே இருந்தது. அந்த மூன்று கிண்ணத்தையும் ஒயர் கூடையில் வைத்துத்தான், தளும்பாமல் இடுப்போடு பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கோயிலுக்கு வந்திருக்கிறாள்.

"ஏம்மா காட்டல?" என்றேன்.

"எடுக்கத்தான் துணிய வெலக்கினேன். அதுக்குள்ள நீங்க சூடத்த அடிச்சிட்டீங்க. அதுக்கு மேல கிண்ணத்த யாரு பாக்கறது? ஆத்தாளுக்கே எதிரா காட்டறாள்னு இன்னும் ஜாஸ்திதான் பேசியிருப்பாங்க."

பிள்ளைகளைக் கேட்டேன். சின்னவள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள் என்றாள். பெரியவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாளாம். பத்தாவதில் நல்ல மார்க்தான் எடுத்திருந்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. ஏதாவது செய்கிறேன் என்றேன். ஒரு கறவை மாடு வாங்கித் தருகிறேன், மறுபடியும் தயிர் போடு என்றெல்லாம் உளறினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"மாடெல்லாம் வேணாங்க. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அதே கோயில் வாசல்ல, அதே ஆளுங்கள வச்சி, இப்ப என்கிட்ட சொன்னத சொல்லிடுங்க. நான் வரணும்னுகூட இல்ல. எம் பொண்ணுங்களுக்கு நாளைக்கு ஒரு எடம் பாக்கும்போது, இவங்க அம்மா கை அப்பிடின்னு யாரும் சொல்லக் கூடாது. அவ்ளோதான்."

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது பிடுங்கி வைத்திருந்த கிழங்கில் நாலைந்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்கவும் எனக்குத் துப்பில்லை.

அந்த ஞாயிறு போயிற்று. அடுத்த ஞாயிறும் போயிற்று. தை வந்தது, பொங்கல் முடியட்டும் என்றேன். மாசியில் பங்காளி வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, நல்ல நேரத்தில் எதற்கு என்றேன். ஆடித் திருவிழாவில் அதே நாற்பது பேரும் அதே வாசலில்தான் இருந்தார்கள். தொண்டை வரைக்கும் வந்தது. யாரோ கையில் மாலையைக் கொடுத்து முதல் மரியாதை உங்களுக்குத்தான் என்றார்கள். கழுத்தை நீட்டினேன். இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இப்போது என் கொட்டகையில் மாட்டுக்கு மாத்திரை கொடுத்தால், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் ஒரு வேளை விடாமல் கொடுக்கிறேன். பாலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குழியில் கொட்டுகிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். 'மனுஷன்னா இவரு மனுஷன், சூடம் அடிச்ச கை இல்லையா' என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். என் மனைவிக்கு அன்றைக்குத் தயிர் ஏன் உறையவில்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. கல்யாண வேலை பேச வரும்போது மேஸ்திரி இன்றைக்கும் சிரித்துக்கொண்டே கேட்கிறார், "தயிருக்கு அந்த மலைக்காரி மாதிரி கை வேணாம்தானே?" என்று. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதி முடித்துத் திரும்பப் படித்துப் பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, அவள் பெயரும் இல்லை. என்னைத் தெரிந்த நாற்பது பேர் முன்னால் சொல்லச் சொன்னாள் அவள், நானோ என்னைத் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டேன் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். இதுவும் அன்றைக்கு அடித்த சூடம் மாதிரிதான். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இன்னும் சொல்லவில்லை.